பெயர் தேக்குதான்… வைரம் எவ்வளவு?

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு போன் வந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது அவனுக்கே 40 வயதைத் தாண்டிவிட்டது. பெயர் வேண்டாம், அவன் கூச்சப்படுவான்.

"சார், வரப்பு ஓரமா 60 தேக்கு வெச்சேன். 14 வருசம் ஆச்சு. ஒரு வியாபாரி வந்து மொத்தமா விலை பேசுறார். தண்ணி பாய்ச்சி வேகமா வளர்ந்த மரம், உறுதி இருக்காது, காட்டுத் தேக்கு மாதிரி வராதுன்னு சொல்லி அடிமாட்டு விலை கேக்குறார். என் மச்சான், தேக்குன்னா தேக்குதான், மரவாடியில விக்கிற ரேட்டைக் கேளுங்கிறான். யார் சொல்றது சார் சரி?"

இரண்டு பேர் சொல்வதும் முழுச் சரி இல்லை என்றேன். "போனில் சொல்லி முடியாதப்பா, எழுதுகிறேன்" என்றும் சொன்னேன். எழுத உட்கார்ந்தால் அது 200 ஆண்டுக் கதையாக நீண்டுவிட்டது. இதில் எனக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.

நம் ஊர் ஆசாரிகள் "வைரம் பாய்ந்த மரம்" என்பார்கள். ஒரு மரத்தைக் குறுக்கே அறுத்தால் நடுவில் கருத்த நிறத்தில் ஒரு வட்டம், அதைச் சுற்றி வெளுத்த நிறத்தில் ஒரு வளையம் தெரியும். கருத்தது வைரம். வெளியே இருப்பது வெள்ளை. வாசக்காலுக்கு வைரத்தைத்தான் எடுப்பார்கள். வெள்ளையை விட்டு வைத்தால் அங்கேதான் முதலில் செல் ஏறும்.

இந்தப் பார்வை நமக்கு மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மரபியல், தாவரங்களை இரண்டாகப் பிரிப்பதே இந்த உறுதியை வைத்துத்தான். வெளிப்புறம் உறுதியாக இருப்பவை புல். உட்புறம் உறுதியாக இருப்பவை மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல் வகை. பனஞ்சட்டம் அறுப்பவர்களைக் கேளுங்கள், வெளிப்பக்கத்தை எடுத்துக்கொண்டு நடுச்சோற்றைத் தள்ளிவிடுவார்கள். தேக்கில் தலைகீழ். உள்ளே போகப் போகத்தான் சரக்கு.

வைரம் எப்படி உண்டாகிறது? ஏழாம் வகுப்பில் சைலம், புளோயம் என்று படித்தது நினைவிருக்கும். வேர் உறிஞ்சும் நீரை இலைக்குக் கொண்டுபோவது சைலம். மரம் என்று நாம் சொல்லும் பொருள் முழுவதும் அந்தச் சைலம்தான். ஆனால் எல்லாச் சைலமும் வேலை செய்வதில்லை. பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி மட்டும்தான் நீர் கடத்தும். வயதான உட்பகுதி மெல்ல ஓய்வு பெறுகிறது. அங்கிருக்கும் உயிருள்ள செல்கள் இறக்கும்முன் தம்மிடம் உள்ள மாவுப்பொருளை எல்லாம் வேறு ரசாயனங்களாக மாற்றிவிட்டுப் போகின்றன. நீர்க்குழாய்களும் அடைபட்டுவிடுகின்றன. தேக்கில் அப்படிச் சேரும் பொருள்களில் ஒன்று டெக்டோகுவினோன், கரையானுக்கு ஆகாது. ரப்பர் போன்ற பொருளும் கொஞ்சம் உண்டு. தேக்குப் பலகையைத் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதே, அதனால்தான்.

ஆக, வைரம் என்பது மரம் ஓய்வு பெறும்போது விட்டுச்செல்லும் சேமிப்பு. ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், நம்புங்கள்!

இனி வரலாற்றுக்கு வருவோம்.

தேக்கு கடல் கடந்து போனது நேற்று இன்றல்ல. எகிப்தில் செங்கடல் கரையில் பெரெனிகே என்று ஒரு பழைய துறைமுகம். ரோமானியர் காலத்தில் நம் மேற்குக் கரையோடு மிளகு வாணிபம் நடந்த இடம். அங்கே தோண்டியபோது தேக்குக் கட்டைகள் கிடைத்தன. பழைய கப்பலைப் பிரித்து அந்த மரத்தை வீட்டுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாலைவனத்தில் ஏது தேக்கு? இந்தியாவிலிருந்து போனதுதான். ஆங்கிலத்தில் "டீக்" என்கிறார்களே, அதுவும் மலையாளத்துத் தேக்கு, போர்ச்சுகீசியர் வாயில் "டெக்கா" ஆகி அங்கே போன சொல்தான்.

1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்துக்கு ஒரு பெரிய சிக்கல். நெப்போலியனோடு போர். போர்க்கப்பல் கட்ட ஓக் மரம் வேண்டும். நாட்டில் ஓக் தட்டுப்பாடு. ஓக்கில் இன்னொரு குறையும் உண்டு. அதில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கோ இரும்பைக் காப்பாற்றும். எனவே வெள்ளைக்காரர் கண் மலபார் காடுகள் மேல் விழுந்தது. 1806-ல் கேப்டன் வாட்சன் என்பவரை மலபாரில் வனக் காப்பாளராக நியமித்தார்கள். இந்தியாவின் முதல் வனக் காப்பாளர் பதவி இதுதான். ஆனால் அவர் காத்தது காட்டை அல்ல, கப்பலுக்கான மரத்தை. ஊர் மக்களும் வணிகர்களும் தங்கள் மரத்தையே வெட்ட முடியாமல் தவித்தார்கள். எதிர்ப்பு வலுத்து, சர் தாமஸ் மன்றோ சென்னை கவர்னராக இருந்தபோது, 1823-ல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்.

அந்தக் காலத் தேக்கு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சாட்சி இன்றும் மிதக்கிறது. 1817 அக்டோபரில் பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டி நீரில் இறக்கிய போர்க்கப்பல். பெயர் திருகோணமலை! வெள்ளைக்காரர் உச்சரிப்பில் "டிரிங்கோமலி". 200 ஆண்டு தாண்டியும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

இந்தச் செய்தியைப் படிக்கும் எல்லோரும் "ஆகா, தேக்கு 200 வருசம் நிற்கும்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். ஆனால் கவனியுங்கள். அந்தக் கப்பலுக்குப் போனவை காட்டில் யாரும் வைக்காமல் முளைத்து, பல தலைமுறை நின்ற பெருமரங்கள். அவற்றிலும் பொறுக்கி எடுத்தவை. அந்தப் புகழ் தேக்கு என்ற பெயருக்கு மட்டும் சொந்தமல்ல. அந்த வயதுக்கும் அந்தப் பருமனுக்கும் சொந்தம்.

வெட்டிக்கொண்டே போனால் காடு எத்தனை நாள் தாங்கும்? 1840-களில் மலபார் கலெக்டராக இருந்த கொனோலி, வெட்டியதற்கு ஈடாக நட வேண்டும் என்று நிலம்பூரில் முயன்றார். சொல்வது எளிது. தேக்கு விதை தடித்த ஓட்டுக்குள் இருக்கும், லேசில் முளைக்காது. முதலில் செய்த முயற்சிகள் தோற்றன. சாத்து மேனோன் என்ற உள்ளூர் அலுவலர்தான் நாற்றங்கால் போட்டு, மழையின் தொடக்கத்தில் கன்றைப் பிடுங்கி நடும் முறையைச் சரிப்படுத்தினார். அவர் நட்ட கன்றுகள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பார்கள். கொனோலி 1855-ல் கோழிக்கோட்டில் கொல்லப்பட்டார். 1846-ல் நட்ட மரங்களில் ஒரு பகுதி "கொனோலி பிளாட்" என்ற பெயரில் இன்றும் நிற்கிறது. ஓய்வு பெற்ற மறு வருடம் கூடலூர் வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. அங்கே தேக்குக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

நிலம்பூர் மரங்கள் வளரத் தொடங்கியதும் அதே கேள்வி பிறந்தது. என் மாணவன் கேட்ட அதே கேள்வி. கையால் நட்ட தேக்கு, காட்டுத் தேக்கு மாதிரி வருமா? வேகமாக வளர்ந்த மரம் உறுதியாக இருக்குமா?

அதே காலத்தில் பர்மாவில் இன்னொருவர் வேறு வழியில் வயதைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். டீட்ரிச் பிராண்டிஸ். ஜெர்மனியின் பான் நகரத்துத் தாவரவியல் ஆசிரியர். 1856-ல் பெகு பகுதிக் காடுகளுக்குப் பொறுப்பேற்றார். யானை மேல் ஏறிக் காட்டுக்குள் போவார். கையில் மூங்கில் துண்டு, பேனாக்கத்தி. வழியில் தெரியும் ஒவ்வொரு தேக்குக்கும் அதன் பருமனுக்கு ஏற்றபடி மூங்கிலில் ஒரு வெட்டு. காகிதம் மழையில் நனைந்து போகும் என்பதால் இந்த ஏற்பாடு. சாயங்காலம் அதை எண்ணினால் எந்தப் பருமனில் எத்தனை மரம் என்று தெரிந்துவிடும். வெட்டிய மரங்களில் வளையங்களை எண்ணி, ஒரு மரம் வெட்டும் பருமனுக்கு வர எத்தனை ஆண்டு ஆகும் என்றும் பார்த்தார். எத்தனை மரம் புதிதாக அந்தப் பருமனை எட்டுகிறதோ அத்தனைதான் வெட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னர் 1864-ல் இந்தியா முழுமைக்கும் வனத்துறைத் தலைமை ஆய்வாளர் ஆனார்.

பர்மாவில் தேக்கை வெட்டும் முறையிலேயே ஓர் அறிவியல் பாடம் உண்டு. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆற்றில்தான் கொண்டுவர வேண்டும். என்ன செய்தார்கள்? நிற்கும் மரத்தின் அடியில் பட்டையையும் வெள்ளையையும் சுற்றிலும் வெட்டி, வைரம் தெரியும் அளவுக்கு வளையம் போட்டு விட்டுவிடுவார்கள். நீர் போகும் பாதை வெள்ளையில் மட்டும்தானே? மரம் நின்றபடியே செத்து, இரண்டு மூன்று ஆண்டு காய்ந்து எடை குறையும். பிறகு வெட்டி ஆற்றில் விட்டால் மிதக்கும். வெள்ளைக்கும் வைரத்துக்கும் வித்தியாசம் கேட்டால் இதைவிட நல்ல செய்முறை விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதை எனக்குச் சொன்னது பாடப்புத்தகம் அல்ல, எங்கள் பெரியப்பா. உறவினர்களுக்கு அவரைத் தெரியும். ரங்கூனில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதியவர். 1942-ல் குண்டு விழுந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர்களில் ஒருவர். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைத் தடவிப் பார்த்து, "இது பர்மா மரம், நல்ல வயசு" என்பார். எந்த ஊர் என்பதைவிட எத்தனை வயசு என்பதுதான் அவருக்கு முக்கியம். அவரைப் பற்றி மீண்டும் வருவேன்.

மரத்தின் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் கண்ணாடி 1600-களிலேயே வந்துவிட்டது. இத்தாலியில் மால்பீகி, இங்கிலாந்தில் நெகமையா க்ரூ, இருவரும் நுண்ணோக்கியில் மரத்துண்டைப் பார்த்துப் படம் வரைந்தார்கள். க்ரூவின் புத்தகம் 1682-ல் வந்தது. அதன் பிறகு ஏறத்தாழ 200 ஆண்டு கழித்து, 1872-ல், சானியோ என்ற ஜெர்மானியர் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். அவர் அளந்தது ஒரு பைன் மரம். ஒரே மரத்துக்குள் நடுவில் உள்ள செல்கள் குட்டை. வெளியே வரவர நீளம் கூடுகிறது. ஒரு வயதுக்குப் பிறகுதான் நிலைக்கு வருகிறது. அதாவது ஒரு மரம் தன் இளமையில் செய்யும் கட்டையும் முதுமையில் செய்யும் கட்டையும் ஒன்றல்ல. தேக்கு போன்ற மரங்களிலும் நார்கள் இதே போக்கில் இருப்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள்.

நம் நாட்டில் கேம்பிள் என்ற வன அலுவலர் 1881-ல் இந்திய மரங்களைப் பற்றிப் பெரிய கையேடு வெளியிட்டார். ஒவ்வொரு மரத்தின் துளை எப்படி, கோடு எப்படி, ஒரு கன அடி எவ்வளவு எடை என்று எழுதினார். 1906-ல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கிருந்து பியர்சனும் பிரவுனும் எழுதிய இரண்டு தொகுதிகள் 1932-ல் வெளியாயின. பிற்காலத்தில் திருச்சூர் பக்கத்தில் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம், நடவுத் தேக்கை மிக நுட்பமாக அளந்தது. இத்தனை பேர் உழைப்பில் தெரிந்ததை என் மாணவனுக்குப் புரிகிற மாதிரி மூன்று பாடமாகச் சொல்கிறேன்.

முதல் பாடம், எடை. எந்த மரத்தை எடுத்தாலும் அதன் செல் சுவர் மட்டும் தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு கனம். இலவமானாலும் கருவேலமானாலும் சுவர் ஒன்றுதான். அப்படியே இடைவெளி இல்லாமல் அடைத்தால் ஒரு கன அடி 42 கிலோ இருக்கும். ஆனால் காய்ந்த தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோதான். கணக்குப் போடுங்கள். பாதிக்கு மேல் வெற்றிடம்! கருவேலத்தில் வெற்றிடம் குறைவு, ஒரு கன அடி 22 கிலோ போல வரும். இலவத்தில் மிக அதிகம், 10 கிலோவை ஒட்டி நிற்கும். மரங்களுக்குள் எடை வேறுபாடு என்பது பெரும்பாலும் எவ்வளவு சுவர், எவ்வளவு வெற்றிடம் என்ற கணக்குத்தான்.

இரண்டாம் பாடம், வேகமாக வளர்ந்தால் உறுதி குறையுமா? தேக்குப் பலகையின் முனையை இழைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். வளையத்துக்கு வளையம் ஊசி குத்தியது போல ஒரு வரிசைத் துளை தெரியும். கோடையில் இலை உதிர்ந்து, புதுத் தளிர் விடும்போது அவசரமாக நீர் ஏற்ற வேண்டும். அதற்காக மரம் பெரிய குழாய்களைச் செய்கிறது. பிறகு அந்தப் பருவம் முழுவதும் சிறிய குழாய்களும் தடித்த நார்களும் வரும். ஓக்கும் இந்த ஜாதிதான். இதில் ஒரு சூட்சுமம். பெரிய குழாய் வரிசை ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அகலம். மரம் வேகமாக வளர்ந்த ஆண்டில் அகலமாவது பெரும்பாலும் நார் உள்ள பின்பகுதி. ஆகவே வளையம் அகலமானால் கட்டை உறுதி குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. பைன் மரங்களில் கதை வேறு. அங்கே வளையம் அகலமானால் பொதுவாகக் கட்டை லேசாகும். அந்த நியாயத்தைத் தேக்குக்கும் மாட்டிவிட்டதில்தான் குழப்பம். பீச்சி ஆய்வுகளிலும் வேகமாக வளர்ந்த தேக்கின் அடர்த்தி அதற்காகவே குறைந்துவிடவில்லை. எனவே, தம்பி, "தண்ணி பாய்ச்சி வளர்ந்தது, உறுதி இருக்காது" என்று வியாபாரி சொன்னது ஒரு காரணமே அல்ல.

மூன்றாம் பாடம், வயது. இதுதான் முக்கியம். தேக்கு தன் முதல் 20, 25 ஆண்டு வரை செய்வது இளம் கட்டை. நார் குட்டை, உறுதி கொஞ்சம் குறைவு, காயும்போது கோணிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். எடையில் பெரிய வேறுபாடு தெரியாது. அதனால் தூக்கிப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. வைரத்துக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. மரத்தின் நடுப்புள்ளியை ஒட்டிய வைரத்தைவிட, வெளிவிளிம்பை ஒட்டிய வைரம் கரையானையும் பூஞ்சையையும் அதிகம் தாங்கும். அடிமரத்தில் வைரம் அகலம். நுனிக்குப் போகப் போகக் குறுகி வெள்ளையே மிஞ்சும். ஒரே மரம்தான், அடித்துண்டு வேறு சரக்கு, நுனித்துண்டு வேறு சரக்கு. மரத்துக்கு மரமும் மாறும். விதையின் பரம்பரை, மண், ஈரம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும். ஈரம் மிகுந்த தோட்டத்தில் நின்ற தேக்கின் வைரம் வெளுத்து, பூஞ்சைக்கு எளிதில் இடம் கொடுப்பதும் உண்டு. மேட்டு நிலத் தேக்கு கருத்த கோடுகளோடு வரும்.

இப்போது ஒரு கணக்கு. சிலேட்டை எடுங்கள்.

பட்டை நீக்கி 8 அங்குல விட்டமுள்ள ஒரு தேக்கு. வெள்ளை சுற்றிலும் 1 அங்குலம். அப்படியானால் வைரத்தின் விட்டம் 6 அங்குலம். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 8 வர்க்கம் 64. 6 வர்க்கம் 36. வைரம் 56 சதவீதம். அதே 1 அங்குல வெள்ளையோடு 24 அங்குல மரத்தைப் பாருங்கள். 24 வர்க்கம் 576. 22 வர்க்கம் 484. வைரம் 84 சதவீதம். வெள்ளையின் தடிப்பு மாறவே இல்லை. மரம் பருத்ததாலேயே வைரத்தின் பங்கு ஏறிவிட்டது. இதனால்தான் பெருமரத்துக்கு ஒரு கன அடிக்கே விலை அதிகம். எனவே உன் மச்சான் சொன்ன "தேக்குன்னா தேக்குதான்" என்பதும் சரியில்லை.

இனி என் பழைய கணக்கு.

1994 என்று நினைவு. தேக்கு மரம் விற்கும் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு விளம்பரம் செய்த காலம். நிலம் அவர்களுடையது, மரம் நம்முடையது. இப்போது பணம் கட்டினால் 20 ஆண்டில் ஒவ்வொரு மரமும் பல மடங்காகத் திரும்பும் என்றார்கள். வழவழப்பான தாளில் வண்ணப் படம். வானுயர்ந்த தேக்கு. கீழே கணக்கு: இத்தனை கன அடி, கன அடிக்கு இத்தனை ரூபாய். நான் அறிவியல் பாடம் எடுப்பவன். பிள்ளைகளுக்குச் சைலம் படம் கரும்பலகையில் வரைந்து காட்டியவன். ஒரு மரத்துக்கு 1,000 ரூபாய் வீதம் 10 மரத்துக்குக் கட்டினேன். அதோடு விட்டேனா? "வாத்தியாரே கட்டியிருக்கார்" என்று என் பேச்சை நம்பி எங்கள் சித்தியும் 5 மரத்துக்குக் கட்டினார். பால் ஊற்றிச் சேர்த்த காசு.

ரசீதைப் பெரியப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வண்ணத் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "மரத்தைக் காட்டுறாங்க. அறுத்த முனையைக் காட்டலையேடா?"

அன்று எனக்கு அது புரியவில்லை. பழைய மனுஷர், பழைய பேச்சு என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அவர்கள் போட்ட விலை, 100 வயதுக் காட்டுத் தேக்கின் கன அடி விலை. கொடுக்கப்போவதாகச் சொன்னது 20 வயது மரம். பாதி வெள்ளை, மீதி இளம் கட்டை. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் இரண்டையும் பெருக்கிவிட்டார்கள். அந்தப் பெருக்கலை நான் சரிபார்க்கவில்லை. கம்பெனி நேர்மையாக நடந்திருந்தாலும் அந்தக் கணக்கு தேறியிருக்காது. அதுவும் நடக்கவில்லை. சில ஆண்டில் அலுவலகம் பூட்டிக்கிடந்தது. 1999-ல் செபி இப்படிப்பட்ட கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. அதற்குள் எங்கள் பணம் போயிருந்தது.

சித்தி ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. நான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "நீயும்தானே ஏமாந்த, வெச்சுக்க" என்றுவிட்டார். அவர் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள். உங்கள் அம்மா என் வார்த்தையை நம்பித்தான் கட்டினார் என்பதை இத்தனை நாள் நான் எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. இன்று ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது என் மாணவனிடம் வருவோம். மொத்தமாக விற்காதே, நெருக்கமாக நின்று நோஞ்சானாகிவிட்ட ஒரே ஒரு மரத்தை மட்டும் வெட்டு, அடிமுனையைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். வெட்டுமுன் வனத்துறையில் விதிமுறையைக் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். கேட்டுத்தான் வெட்டினான்.

போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். வளையங்கள் தெளிவாகத் தெரிந்தன. இடையில் ஓரிடத்தில் மட்டும் பொய் வளையம் மாதிரி ஒன்று. மழை நடுவில் நின்று மறுபடி பெய்தால் தேக்கில் அப்படி வருவதுண்டு. போனிலேயே இருவரும் எண்ணினோம். அவன் ஸ்கேல் வைத்து அளந்தான். பட்டை நீங்கலாக 7 அங்குலம். வைரம் 4 அங்குலம்.

"4 வர்க்கம் எவ்வளவு?" என்றேன்.

"16 சார்."

"7 வர்க்கம்?"

"49." கொஞ்சம் நிறுத்தி, "மூணுல ஒரு பங்குதான் சார் வைரம்" என்றான் அவனே.

இந்த ஒரு மரம் நோஞ்சான். நன்றாக வளர்ந்தவற்றில் இதைவிட அதிகம் இருக்கும். ஆனாலும் இப்போது வெட்டினால் பாதி வெள்ளையை விற்பதாகத்தான் அர்த்தம். வியாபாரி சொன்ன காரணம் தவறு. ஆனால் மரத்துக்கு இன்னும் வயது வரவில்லை என்பது உண்மை. நெருக்கமானவற்றையும் கோணலானவற்றையும் கழித்துவிட்டு, நேராகப் பருத்த மரங்களை விட்டு வைக்கப்போகிறான். கழித்த மரம் வீட்டு உபயோகத்துக்கு ஆகும். வெள்ளையை நீக்கிவிட்டு, ஈரம் படாத இடத்தில் போட்டால் போதும். மிச்சமுள்ளவை அவன் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் நிற்கட்டும்.

உங்களில் பலர் வீடு கட்டுகிறீர்கள். மரவாடிக்குப் போனால் எந்த நாட்டுத் தேக்கு என்று மட்டும் கேட்காதீர்கள். பலகையின் முனையைத் திருப்பிப் பாருங்கள். வைரம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு, மரத்தின் நடுப்புள்ளி அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். நடுப்புள்ளி உள்ளே இருந்தால் அது இளங்கட்டையைச் சுற்றி அறுத்தது; வெடிக்கும் வாய்ப்பு அதிகம். மரத்தில் யாராவது பணம் போடச் சொன்னால், எங்கள் பெரியப்பா கேட்ட கேள்வியைக் கேளுங்கள். அறுத்த முனையைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் பழைய தேக்குக் கதவோ தூணோ இருந்தால் அதன் கதையை எனக்கு எழுதுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உங்கள் சார்